பெட்டி ஒன்று, உருவம் பல

பொம்மை இரயிலை வைத்து விளையாடுவது பிள்ளைகளின் வேலை. பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞருக்கு அதில் என்ன வேலை என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு மறுமொழி கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. விடுதியின் மாடி அறையில் மாலைதோறும் கூடி, உண்மை இரயிலின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் மாதிரி இரயில் அமைக்கும் நண்பர் அறுவருள் நானும் ஒருவன். எங்களுக்குள்ளேயே இப்போது ஒரு வழக்கு எழுந்துள்ளது.

வரும் பொங்கல் விழாவில் நம் மன்றத்தின் சார்பில் ஓர் இரயிலை ஓட்டிக் காட்டுவது என்று முடிவாகிவிட்டது. எந்த இரயில் என்பதிலும் வேறுபாடு இல்லை. நம்முள் பலர் முதன்முதலாக இவ்வடபுலத்திற்கு வந்து சேர்ந்தது நீல நிறப் பெட்டிகள் பூட்டிய வண்டியில்தான். அந்த வண்டியையே காட்டுவோம் என்று அறுவரும் ஒரு வாய்ப்பட இசைந்தோம். அதை எவ்வாறு உண்டாக்குவது என்பதில்தான் பிணக்கு. செலவாகப்போவது மன்றத்தின் பணம். ஆதலால் மன்றத்தார் அனைவரும் அறிய என் கட்சியை இங்கே எடுத்து வைக்கிறேன்.

முதற்கட்சியினர் கூறுவது இது: ஐரோப்பியக் கம்பெனிகள் செய்து விற்கும் ஆயத்தப் பெட்டிகள் ஆறு வாங்குவோம், அவற்றிற்கு நீலச் சாயம் பூசுவோம், நம் ஊரின் பெயரை ஒட்டுவோம், வேலை முடிந்தது. இரண்டாங்கட்சியினர் கூறுவது இது: ஆயத்தப் பெட்டியைத் தொடுவதே இழுக்கு, தகடு வாங்கி, அடித்தளத்திலிருந்து கூரைவரை எல்லாம் நம் கையாலேயே செய்ய வேண்டும், இல்லையேல் அது கைவினை ஆகாது. என் கட்சி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆயத்தப் பெட்டியை வாங்குவோம், அதை அறுப்போம், கூட்ட வேண்டியதைக் கூட்டி, குறைக்க வேண்டியதைக் குறைத்து, அதிலிருந்தே நமக்கு வேண்டிய பெட்டிகளை உருவாக்குவோம் என்பதே அது. இடைவழி என்பதால் இது அச்சத்தால் பிறந்த வழி என்று எவரும் எண்ண வேண்டா. மூன்றனுள் மிகுதியாக அறிவைத் தரும் வழி இதுவே என்பது என் துணிபு.

சாயம் பூசும் கட்சியை முதலில் பார்ப்போம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். நிறம் மாறினால் உருவம் மாறிவிடுமா? இதை வாதத்தால் காட்டுவதைவிட அளவுகோலால் காட்டுவது எளிது.

சென்னைப் பெரம்பூரில் உள்ள இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பெற்றது. அங்கே செய்யப்பெற்ற, நாம் ஐ.சி.எஃப். பெட்டி என்று வழங்கும் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். இவற்றை 87ஆல் வகுத்தால், மாதிரிப் பெட்டி 245 மில்லிமீட்டர் நீளமும் 37.3 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கண்டத்தில் பெரிதும் ஓடிய இரண்டாம் வகுப்புப் பெட்டியோ 26.4 மீட்டர் நீளமும் 2.825 மீட்டர் அகலமும் உடையது. முழு அளவில் அதன் மாதிரி 303 மில்லிமீட்டர் நீளும். வீட்டு மேசைமேல் உள்ள சிறிய வளைவுகளில் அவ்வளவு நீண்ட பெட்டி திரும்பும்போது அருவருப்பாகத் துருத்தி நிற்கும் என்று கருதி, கம்பெனிகள் பலகாலம் அதை நீளத்தில் மட்டும் சுருக்கி 264 மில்லிமீட்டராகவும் 282 மில்லிமீட்டராகவும் விற்றன. அந்தச் சுருங்கிய பெட்டிகள் இன்று பழைய சரக்காக மலிந்து கிடக்கின்றன. 264 மில்லிமீட்டர்ப் பெட்டி, இடிதாங்கி முதல் இடிதாங்கி வரை 256 மில்லிமீட்டராக வரவேண்டிய நம் பெட்டியைவிட 8 மில்லிமீட்டர்தான் நீளம். அதை அறுத்துக் குறைத்துவிடலாம். ஆனால் அகலம்? அது 32.5 மில்லிமீட்டர்தான். நமக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறைகிறது.

ஐந்து மில்லிமீட்டர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதற்கட்சி நண்பர் ஒருவர் சிரித்தார். அந்த ஐந்து மில்லிமீட்டர் என்ன என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. உண்மைப் பெட்டியில் அது 42 சென்டிமீட்டர். நம் நாட்டின் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் பொதுப்பாதை 1435 மில்லிமீட்டர். நம் பாதை அகன்றது. அதனால் பெட்டியும் அகன்றது. அவர்களுடைய பெட்டியில் ஒருபுறம் அறைகளும் மறுபுறம் மனிதர் நடக்கும் நடையும் வைத்தபின் வேறொன்றிற்கும் இடமில்லை. நம் பெட்டியில் நடைக்கு அப்பாலும் இடம் மிஞ்சியது. அவ்விடத்தில்தான் நாம் சைடு லோயர், சைடு அப்பர் என்று சொல்லும் இரண்டு படுக்கைகள் நீளவாட்டில் அமைந்தன. ஆகவே அந்த ஐந்து மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் அன்று. அது பக்கப் படுக்கை. முழங்காலை மடக்கிக்கொண்டு இரண்டு இரவுகள் அதிற் படுத்து வந்தவர்கள் நம் மன்றத்தில் எத்தனை பேர்! அதை விட்டுவிட்டு, இது நம் வண்டி என்று எந்த வாயால் சொல்வது?

சன்னல்களைப் பார்ப்போம். மேலே சொன்ன ஐரோப்பியப் பெட்டியில் 12 அறைகள். அறைக்கு 6 பேராக 72 பேர் உட்காரலாம். நம் ஸ்லீப்பர்ப் பெட்டியில் 9 தடுப்புகள்; தடுப்புக்கு 8 பேராக 72 பேர் படுக்கலாம். அங்கும் 72, இங்கும் 72. ஆனால் அங்கே 26 மீட்டரில் உட்காருகிறார்கள். இங்கே 21 மீட்டரில் படுக்கிறோம்! மூன்றடுக்கும் பக்கப் படுக்கையும் சேர்ந்து செய்த விந்தை இது. அங்கே அறைக்கு ஓர் அகன்ற சன்னல். இங்கே தடுப்புக்கு இரண்டு சிறு சன்னல். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கம்பிகள். அகன்ற சன்னல் பன்னிரண்டின்மேல் எத்தனை முறை நீலம் பூசினாலும், கம்பி போட்ட சன்னல் பதினெட்டு ஆகுமா?

ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டி இன்னும் நல்ல பாடம் சொல்லும். அதுவும் அதே பெரம்பூர்க் கூட்டில் பிறந்ததுதான். நீளமும் அகலமும் மாறவில்லை. ஆனால் அதில் 64 படுக்கைகளே உண்டு. எட்டெட்டாக வகுத்தால் 8 தடுப்புகள். ஒன்பதாம் தடுப்பின் இடத்தைக் குளிர்சாதனத்தின் மின்னமைப்பும் விரிப்பும் போர்வையும் வைக்கும் இடமும் தின்றுவிட்டன. எனவே ஸ்லீப்பரை ஏ.சி.யாக மாற்ற விரும்புவோர், கம்பியை எடுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி ஒட்டினால் போதாது. ஒன்பதை எட்டாக்க வேண்டும். சன்னல்களின் இடைவெளி முழுவதையும் புதிதாக வகுக்க வேண்டும். இதை நான் புத்தகத்தைப் படித்து அறிந்துகொள்ளவில்லை. மாதிரியை வெட்டுவதற்காகத் தாளில் கோடு போட்டபோது, கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடியபோது அறிந்தேன். எத்தனையோ முறை அப்பெட்டிகளில் பயணம் செய்தும் கண்ணிற் படாத ஒன்றைக் கத்தி காட்டிக் கொடுத்தது.

இனி, எல்லாம் நம் கையாலேயே ஆக வேண்டும் என்னும் கட்சி. இவர்களுடைய ஊக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கேட்கிறேன்: சக்கரத்தை நாம் வார்க்கப் போகிறோமா? ஓடும்போது தடம் புரளாதபடி அச்சும் சக்கரமும் பொருந்திய போகியை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தோடு விடுதி அறையில் செய்ய நம்மிடம் பட்டறை உண்டா? ஆயத்தப் பெட்டியில் அவை இருக்கின்றன. நேரான அடித்தளம் இருக்கிறது. கோணாத கூரை இருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் மூன்று திங்களே உண்டு. நடுவில் தேர்வும் உண்டு. இருக்கும் நாளையெல்லாம் சக்கரத்திற்கே செலவிட்டால், சன்னலை எண்ணுவதற்கு நேரம் ஏது?

அன்றியும், ஆயத்தப் பொருளை மாற்றுவது இழிந்த வேலை என்னும் எண்ணமே தவறு. இங்கிலாந்தில் டிரை-ஆங் என்னும் கம்பெனி 1960-களில் பழைய கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயின் மேற்கூரை உயர்ந்த பெட்டிகளை மாதிரியாக வெளியிட்டது. வந்தவை இரண்டே வகை: ஒன்று பயணிகளுக்கு மட்டும் உரியது, மற்றொன்றில் கார்டுக்கும் அறை உண்டு. அந்த இரயில்வேயில் ஓடிய வகைகளோ மிகப் பல. அந்நாட்டு ஆர்வலர்கள் என்ன செய்தனர்? இரண்டு பெட்டிகளையும் அறை அறையாக அறுத்தனர். ஒன்றிலிருந்து மூன்று அறையும் மற்றொன்றிலிருந்து இரண்டு அறையும் எடுத்து இணைத்தனர். கம்பெனி விற்காத வகைகளையெல்லாம் தம் மேசைமேல் ஓட்டினர். கதவின் ஓரத்திலோ பலகைக் கோட்டிலோ அறுத்தால் ஒட்டு வெளியே தெரியாது என்னும் நுட்பத்தை அவர்கள் தம் நூல்களிலும் இதழ்களிலும் பிறருக்குக் கற்பித்தனர். விற்பவன் இரண்டு வகைதான் செய்வான். ஏனெனில் அவன் பார்ப்பது விலைபோகும் எண்ணிக்கையை. வரலாறு இருபது வகை கேட்கும். இடையிலுள்ள பதினெட்டையும் நிரப்புவது அறுப்பவனுடைய கை.

இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்வேன்: பெரம்பூரே செய்தது என்ன? ஐ.சி.எஃப். பெட்டியின் வடிவம் சுவிட்சர்லாந்தில், சூரிக்கு அருகிலுள்ள ஷ்லீரன் நகரக் கம்பெனியிடமிருந்து வந்தது. அதை அப்படியே ஓடவிட்டார்களா? நம் அகலப் பாதைக்கும் நம் வெயிலுக்கும் நம் கூட்டத்திற்கும் பொருந்துமாறு மாற்றினார்கள். பிறகு அந்த ஒரே கூட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர், முன்பதிவில்லாப் பெட்டி, நாற்காலிப் பெட்டி, உணவுப் பெட்டி, பயணியும் சரக்கும் கார்டும் ஒருங்கே செல்லும் எஸ்.எல்.ஆர். என்று வகைவகையாகப் படைத்தார்கள். பெட்டி முதுமை எய்திய பின்னும் இம்மாற்றம் ஓயவில்லை. வயது முடிந்த பயணிப் பெட்டிகளின் சன்னல்களையும் கதவுகளையும் அடைத்து, கோடியில் அகன்ற கதவு திறந்து, புதிய கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக இரயில்வே மாற்றியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பெட்டிகளில் நடுப் படுக்கையை நீக்கி, கழிவறை ஒன்றைக் குளியலறையாக்கி, நோயாளிகளைத் தனியே வைக்கும் அறைகளாக மாற்றினார்கள். உண்மை இரயிலே இவ்வாறு ஒன்றை மற்றொன்றாக்கி வாழும்போது, மாதிரி இரயில் செய்வோர் மட்டும் அதற்கு நாணுவானேன்?

மூன்றாவதாக ஒரு குரலும் கேட்கிறது. முப்பரிமாண அச்சுப் பொறி வந்துவிட்ட காலத்தில் இரம்பமும் பசையும் எதற்கு என்பது அது. அச்சுப் பொறியை நான் பகைக்கவில்லை; சிறு உறுப்புகளுக்கு அது நல்ல துணை. ஆனால் அளவு தெரியாதவனுக்கு அச்சுப் பொறியும் அளவு தவறிய பெட்டியைத்தான் அச்சடித்துத் தரும். எவரோ வரைந்து வைத்த வரைபடத்தை இறக்கி அச்சிட்டால், அது கடையில் வாங்கியதற்கு ஒப்பே அன்றி வேறன்று.

சரி, அறுப்பது என்று முடிவு செய்தால் வேலை எவ்வாறு நடக்கும்? சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. முதலில் உண்மைப் பெட்டியை அளந்து, எண்பத்தேழில் ஒன்றாகத் தாளில் வரைய வேண்டும். அடுத்து, கூரையையும் இரு முகப்புகளையும் அடித்தளத்தையும் நட்டநடுவே நீளவாட்டில் நுண்பல் இரம்பத்தால் பிளந்து, இடையில் 5 மில்லிமீட்டர்ப் பாலிஸ்டைரீன் பட்டையைச் சேர்க்க வேண்டும். நீளத்தில் மிகுதியான 8 மில்லிமீட்டரைக் கதவோரத்தில் வெட்டி நீக்க வேண்டும். பழைய பக்கச் சுவர்களைக் கழித்துவிட்டு, அரை மில்லிமீட்டர்த் தகட்டில் நம் சன்னல்களை வெட்டிப் புதுச் சுவராக நிறுத்த வேண்டும். ஒட்டுகளின் உட்புறத்தில் பட்டை வைத்து வலுப்படுத்தி, வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் விரலுக்கும் ஒட்டுத் தெரியாது. ஸ்லீப்பரின் கூரைமேல் காற்றுத்துளை மூடிகளை வரிசையாக வைக்க வேண்டும். கம்பியில்லாத அவசரச் சன்னலையும் மறத்தலாகாது. சாயம் பூசுவது இவை எல்லாவற்றிற்கும் பிறகு. முதற்கட்சியினர் தொடங்கும் இடத்தில் நாம் முடிப்போம்.

இதிலும் ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. நம் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 1676 மில்லிமீட்டர்ப் பாதையை 87ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். ஆகவே உடல் நம்முடையதாகவும் கால் ஐரோப்பாவினுடையதாகவும் இருக்கும். அந்த அகலத்தில் தண்டவாளமும் சக்கரமும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. கிடைக்கும் வரையில் இதைப் பொறுத்துக்கொள்வதே முறை. ஆனால் காட்சி மேசையில் ஒரு சீட்டெழுதி வைப்போம்: பெட்டி அளவுக்கு உட்பட்டது, பாதை உட்படாதது என்று. குறையை அறிந்து வைப்பது வேறு. குறை இருப்பதே தெரியாமல் வைப்பது வேறு.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு. பெரம்பூரில் இவ்வகைப் பெட்டி செய்வது 2018ஆம் ஆண்டு சனவரியோடு நின்றுவிட்டது. அதன்பின் அங்கே செய்யப்பெறுபவை ஜெர்மனியின் லிங்கே-ஹோஃப்மான்-புஷ் கம்பெனி வகுத்த எல்.எச்.பி. வடிவிலும், அதற்குப் பின் வந்த புதிய வடிவங்களிலும் அமைந்தவை. அவை நீண்டவை, விரைவும் காப்பும் மிக்கவை. விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இணைப்பு அவற்றிற்கு உண்டு. அவற்றின் வரவை நான் மனமார வரவேற்கிறேன். உயிர் பெரிதா, நீலப் பெட்டி பெரிதா என்றால் உயிர்தான் பெரிது. ஆனால் நீலப் பெட்டி ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. நமக்குப் பின் இப்பல்கலைக்கழகத்திற்கு வரும் தம்பி தங்கையர் அதில் ஏறியிருக்கமாட்டார்கள். இரயில்வே எஞ்சினையும் அரசர் ஏறிய பெட்டியையும் அருங்காட்சியகத்தில் நிறுத்துவார்கள். சாதாரண ஸ்லீப்பரையும் அதன் பக்கப் படுக்கையையும் அருமையாகக் கருதிப் பேணுவோர் மிகச் சிலர். சொத்து இல்லாத இலட்சக்கணக்கானோர் வேலைக்கும் படிப்புக்கும் ஊர்விட்டு ஊர் சென்ற கூடு அது. அதன் அளவையும் சன்னலையும் தடுப்பையும் சரியாகப் பதிந்து வைக்கும் வேலையை நாம் செய்யாவிடில் எவர் செய்வார்?

ஆதலால் மன்றத்தார்முன் என் வேண்டுகோள் இது. புதிய பெட்டி ஆறு வாங்க வேண்டா; அதன் ஒன்றின் விலையே ஒரு மாத மெஸ் பில்லை விழுங்கிவிடும். கண்ணாடி உடைந்த, நிறம் மங்கிய பழம்பெட்டிகள் நான்கு வாங்குவோம். நாம் வெட்டி எறியப்போகும் சுவரும் கண்ணாடியும் உடைந்திருந்தால் என்ன? ஸ்லீப்பர் இரண்டு, ஏ.சி. மூன்றடுக்கு ஒன்று, எஸ்.எல்.ஆர். ஒன்று செய்வோம். தீபாவளி விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் ஆளுக்கொரு நாடாவும் குறிப்பேடும் எடுத்துச் செல்லட்டும். ஓடும் வண்டியில் அன்று, பாதைப் பக்கம் இறங்கியும் அன்று. உள்ளே உட்கார்ந்தபடியே சன்னலின் அகலத்தையும், படுக்கைக்கும் படுக்கைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதி வரட்டும். சென்னை வழியே செல்வோர் பெரம்பூர்த் தொழிற்சாலையைச் சார்ந்த இரயில் அருங்காட்சியகத்தையும், தில்லி வழியே செல்வோர் சாணக்கியபுரியில் 1977 முதல் இருந்துவரும் தேசிய இரயில் அருங்காட்சியகத்தையும் கண்டு வரலாம். எஞ்சினீயரிங் மாணவர்தாம் இதற்கு வேண்டும் என்பதில்லை. வரலாறு படிப்போர் எழுதட்டும். கணக்குப் படிப்போர் வகுக்கட்டும். தையல் தெரிந்த தங்கையரின் விரல், எங்கள் ஆறு பேர் விரலைவிட நேராக வெட்டும்.

முடிவு மன்றத்தினுடையது. சாயம் பூசிய பெட்டிகளைத்தான் வைப்பது என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தால், அதற்கும் நான் தூரிகை பிடிப்பேன். ஆனால் அன்று மேசையருகே வந்து நிற்கும் ஒரு சிறுவன், “அண்ணா, இதில் சைடு லோயர் எங்கே?” என்று கேட்டால், அவனுக்கு விடை சொல்லும் பொறுப்பை முதற்கட்சி நண்பர்களே ஏற்றுக்கொள்ள வேண்டும்.